மலையும் புகையும் பரீட்சையும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். அருணாசலேசுவரர் தரிசனத்துக்குப் போகிறவர்கள் முதல் வகை. மலையைச் சுற்றி வருவதற்குப் போகிறவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகையினர் கோவில் பக்கமே திரும்பாமல் வேலூர் சாலையோடு நேரே வேங்கிக்காலுக்குப் போகிறார்கள். 1989-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ஆம் தேதி, பழைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து திருவண்ணாமலையைப் பிரித்துத் தனி ஜில்லாவாக்கினார்கள். அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேங்கிக்காலில்தான்.

இந்த மூன்றாவது வகையிலும் இரண்டு பிரிவு உண்டு. திங்கட்கிழமைதோறும் குறை தீர்க்கும் நாளில் மனுவும் கையுமாக வந்து காத்திருக்கிறவர்கள் ஒரு பிரிவு. அந்த மனுக்களை வாங்கிப் படிக்கும் உத்தியோகத்தில் என்றாவது ஒரு நாள் நாமும் அமரமாட்டோமா என்று இரவு பகலாகப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இன்னொரு பிரிவு. இந்த இரண்டு பிரிவாருக்கும் உள்ள சம்பந்தத்தை எனக்கு விளங்க வைத்தவள் என் தமக்கையின் மகள். அதற்கு முன்னால் அவள் என்னை ஒரு பஸ்ஸினால் மண்ணைக் கவ்வ வைத்தாள். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா தோற்ற கதை

என் தமக்கையின் வீடு வேங்கிக்காலில் இருக்கிறது. வாசல் திண்ணையிலிருந்து பார்த்தால் மலை தெரியும். நான் போனபோது திண்ணை முழுவதும் புத்தகங்கள் பரவிக் கிடந்தன. நடுவில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். குழந்தை என்று நான் சொல்வது பழக்கத்தினால்தான். அவள் பட்டம் பெற்று மூன்று வருஷம் ஆகிறது. சர்வீஸ் கமிஷன் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் சொற்ப மார்க்கில் தவறவிட்டிருக்கிறாள். மூன்றாவது தடவைக்குத் தயாராகிக் கொண்டிருந்தாள். "இதோடு சரி, மாமா! இந்தத் தடவையும் இல்லையென்றால் ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போய்விடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே என் தமக்கை பாத்திரம் தேய்க்கும் சத்தம் அந்தக் கணம் நின்றுபோயிற்று.

"எதில் தவறுகிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"சரித்திரம், பூகோளம், தமிழ் எல்லாம் வந்துவிடுகிறது, மாமா. இந்தத் தருக்கக் கேள்விகள்தான் காலை வாருகின்றன."

"தருக்கம்தானே? நான் சொல்லித் தருகிறேன், கேள்" என்று மார்தட்டினேன். அவள் ஒரு தாளை எடுத்து வாசித்தாள்:

"தீபத் திருநாளன்று வெளியூர்ப் பஸ்கள் எல்லாம் ஊர் எல்லையிலேயே நிறுத்தப்படும். இன்று வேலூர்ப் பஸ் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று தீபத் திருநாள். இந்த முடிவு சரியா, தவறா, சொல்ல இயலாதா?"

"சரிதான். இதில் என்ன சந்தேகம்?" என்றேன்.

"இல்லை, மாமா! தீபத்தன்று பஸ் நிற்கும் என்றுதான் சொல்லியிருக்கிறது. தீபத்தன்று மட்டும்தான் நிற்கும் என்று சொல்லவில்லையே? டயர் வெடித்து நின்றிருக்கலாம். டிரைவர் காப்பி சாப்பிடப் போயிருக்கலாம். விடை, சொல்ல இயலாது."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. "இவ்வளவு தெரிந்தவளுக்கு மார்க் எப்படிக் குறைகிறது?" என்று கேட்டேன்.

"திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது. அங்கே ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாதே, மாமா!"

ஐம்பத்து நான்கு வினாடி

குழந்தை சொன்னது வாஸ்தவம். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய உத்தியோகங்களுக்கு நடக்கும் நான்காம் தொகுதிப் பரீட்சையில் 200 கேள்விகள். நேரம் மூன்று மணி. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 வினாடிதான். இருநூறில் நூறு தமிழ். எழுபத்தைந்து பொது அறிவு. மீதி இருபத்தைந்து திறனறிவும் மனக்கணக்கும். விழுக்காடு, வட்டி இவற்றோடு தருக்கக் காரணவியல், புதிர், எண் எழுத்து வரிசை முதலியவை வருவது இந்த இருபத்தைந்தில்தான்.

இருபத்தைந்துதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் 9-ஆம் தேதி நடந்த பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் இருபது லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல்! இவ்வளவு நெருக்கடியில் ஒரே ஒரு கேள்வி ஆயிரக்கணக்கானவர்களை முன்னும் பின்னுமாகத் தள்ளிவிடும். பொது அறிவை எல்லோரும் நெட்டுருப் போட்டுவிடுகிறார்கள். நெட்டுருவுக்கு மசியாத கேள்விகளில்தான் வித்தியாசம் தெரிகிறது.

ஏன் மசிவதில்லை? மற்றக் கேள்விகள் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கின்றன. இவையோ, "இங்கே சொல்லியிருப்பதிலிருந்து என்ன கிடைக்கும்?" என்று கேட்கின்றன. நிரம்பத் தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் அதுதான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் கேள்வியோடு சேர்த்துப் படித்துவிடுகிறார்கள். எனக்குத் தீபத் திருநாளும் தெரியும், அன்று பஸ் நிற்பதும் தெரியும். அந்த ஞானம்தான் என்னைக் கவிழ்த்தது.

அடுக்களையும் மலையும்

இது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புது வித்தை என்று பலர் நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அப்படியில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாவது காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் போதிக்கிறார். அங்கே வரும் உதாரணம் ஒரு மலைதான்! மலையில் நெருப்பு இருக்கிறது என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம். அங்கே புகை தெரிகிறது என்பது காரணம். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோமே என்பது திருஷ்டாந்தம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று இவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைத் திருப்பிப் பாருங்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும். சரி, நெருப்பு இருந்தால் புகை இருந்துதான் தீர வேண்டுமா? வேண்டியதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டுவார்கள் தருக்க சாஸ்திரக்காரர்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டவன் பரீட்சையில் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். ஏனென்றால் அங்கே கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை புகையைக் காட்டி நெருப்பையும், நெருப்பைக் காட்டிப் புகையையும் மாற்றி மாற்றிக் கேட்பவைதான். என்னைக் கவிழ்த்த வேலூர்ப் பஸ்ஸும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

வீட்டுப் பெண்மணிகளுக்கு விளங்கும்படி இன்னொன்று சொல்கிறேன். வெண்கலப் பானைகள் எல்லாம் பாத்திரங்கள். பாத்திரங்களில் சில ஓட்டை. ஆகவே வெண்கலப் பானைகளில் சில ஓட்டை என்று சொல்லலாமா? கூடாது. ஓட்டையாய்ப் போனவை எல்லாம் அலுமினியமாக இருந்துவிட்டால்? பாத்திரங்களுக்கு ஒரு பெரிய வட்டம். அதற்குள் வெண்கலப் பானைக்கு ஒரு சிறிய வட்டம். ஓட்டைக்கு இன்னொரு வட்டம். போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஜான் வென் என்ற ஆங்கிலேயர் 1880-ஆம் வருஷம் இத்தகைய வட்டப் படங்களைப் பற்றி எழுதினார். தினமும் வாசலில் கோலம் போடுகிற கைகளுக்கு வட்டம் போடுவதா கஷ்டம்?

"உம்" என்ற ஓர் எழுத்துக் கூட்டம்

தருக்கத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் தமிழ் இலக்கணம். "சாத்தனும் வந்தான்" என்றால் என்ன அர்த்தம்? வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பது அதில் சொல்லப்படாமலே அடங்கியிருக்கிறது. இதை எச்சவும்மை என்கிறது இலக்கணம். "பத்துப் பேர் வந்தார்கள்" என்பதற்கும் "பத்துப் பேரும் வந்தார்கள்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டாவதில், மொத்தமே பத்துப் பேர்தான் என்ற செய்தி முற்றும்மையில் ஒளிந்திருக்கிறது. உம்மைக்கு மட்டும் நன்னூல் எட்டுப் பொருள் வகுத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த அந்தச் சூத்திரங்கள், உண்மையில் வாக்கியத்திலிருந்து என்ன பெறலாம், என்ன பெறக்கூடாது என்ற சட்டப் புத்தகம்.

அதே உம்மை சில சமயம் மோசமும் செய்யும். "எல்லோரும் வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவருமே வரவில்லையா? அல்லது சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லையா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

கடல் கடந்த பரீட்சை

தருக்கமும் இலக்கணமும் நம்முடையவை. பரீட்சை என்ற ஏற்பாடு மட்டும் கடல் கடந்து வந்தது. 1854-இல் மெக்காலேயின் கமிட்டி யோசனை கூற, 1855-இல் இந்தியன் சிவில் சர்வீஸுக்கு முதல் போட்டிப் பரீட்சை லண்டனில் நடந்தது. அந்தக் கமிட்டி வகுத்த மார்க்குப் பட்டியலில் லத்தீனுக்கு 750, கிரேக்கத்துக்கு 750. ஸம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. தமிழின் பெயரே இல்லை. இந்த நாட்டை ஆளுவதற்கு இந்த நாட்டின் பாஷையைவிட ரோமாபுரியின் பாஷை இரண்டு பங்கு உபயோகம் என்று தீர்மானித்திருந்தார்கள்! இவ்வளவு தடையையும் தாண்டி 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார். இந்தியாவிலும் பரீட்சை நடத்த வேண்டும் என்று நம் தலைவர்கள் பல்லாண்டு மன்றாடிய பிறகு, 1922-இல்தான் அது கைகூடியது. சென்னை மாகாணத்துக்கென்று சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது 1929-இல். இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு மூதாதை அதுதான்.

பாஷைச் சண்டை அத்துடன் முடிந்துவிடவில்லை. யூனியன் சர்வீஸ் கமிஷன் 2011-இல் முதல்நிலைப் பரீட்சையில் திறனறிவுத் தாள் ஒன்றைப் புகுத்தியது. ஆங்கிலப் பத்திகளும் விபரீதமான ஹிந்தி மொழிபெயர்ப்பும் கிராமத்துப் பிள்ளைகளை வாட்டுகின்றன என்று 2014-இல் டில்லியில் பெருங் கிளர்ச்சி நடந்தது. அந்த வருஷம் ஆங்கிலப் பகுதியின் மார்க்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2015 முதல் அந்தத் தாளில் நூற்றுக்கு 33 வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். ஆயினும் முதல்நிலைக் கேள்வித்தாள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. தமிழில் படித்த பிள்ளை அந்நிய பாஷையில் தருக்கம் செய்ய வேண்டியிருக்கிறது.

இது லேசான சங்கடம் அல்ல. உறவுமுறைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் எழுதினால் சொல்லிலேயே விடை வெளிப்பட்டுவிடும். ஆகையால் ஆங்கிலத்தில் வரும் கேள்வியை அவசரத்தில் தமிழாக்கி யோசிக்கிறவன், கேள்வியில் இல்லாத ஒரு மாமாவைத் தானே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறான். உறவுக் கேள்விகளில் கோடு கிழித்து வம்சாவளிப் படம் போடுவதே உத்தமம்.

என்ன செய்யலாம்?

பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் குடும்பங்களுக்குப் பிரயோஜனப்படும் என்று, குழந்தையும் நானும் கூடி வகுத்த சில வழிகளை இங்கே தருகிறேன். இவற்றுக்குப் பணச் செலவு அதிகம் இல்லை.

முதலாவது: தினந்தோறும் பத்திரிகைத் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. அதற்குக் கூறிய காரணங்களை அடுத்த வாக்கியத்தில் எழுதுவது. ஆசிரியர் சொல்லாமலே நம்பியிருப்பது எது என்பதை மூன்றாவது வாக்கியத்தில் எழுதுவது. "ஏரியில் குப்பை கொட்டாதீர்கள்" என்று பலகை வைத்தால், பலகையைப் பார்த்தாவது சிலர் திருந்துவார்கள் என்று வைத்தவர் நம்புகிறார். கேள்வித்தாளில் 'அனுமானம்' என்பது அதுதான்.

இரண்டாவது: எல்லாம், சில, மட்டும், தவிர, அல்லது, ஒழிய, எப்போதும், பெரும்பாலும் முதலிய சொற்களின் அடியில் கோடிடுவது. வாக்கியத்தின் குடுமி இந்தச் சிறு சொற்களின் கையில் இருக்கிறது.

மூன்றாவது: வீட்டிலேயே விளையாடுவது. 'கடல்' என்பதற்கு 'ஙணவ்' என்றால் 'மரம்' என்பதற்கு என்ன? மெய்யெழுத்து வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்ததை எழுதியிருக்கிறது, ஆகவே 'யலய்'. அரிச்சுவடியை ஒழுங்காகப் படித்த பாட்டி இதில் பேத்தியைத் தோற்கடித்துவிடுவாள்.

நான்காவது: பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுவது. கமிஷன்களின் இணையதளங்களிலேயே அவை இலவசமாகக் கிடைக்கின்றன. தவறிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி, எந்தச் சொல்லில் ஏமாந்தோம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஒரு மாதம் போனால் நாம் ஏமாறுவது ஐந்தாறு இடங்களில்தான் என்று தெரியும்.

ஐந்தாவது: ஊகத்துக்கும் கணக்கு உண்டு. யூனியன் பரீட்சையின் திறனறிவுத் தாளில் சரியான விடைக்கு இரண்டரை மார்க். தப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையாவது நிச்சயமாகத் தப்பு என்று தள்ள முடிந்தால்தான் லாபம் ஆரம்பமாகிறது.

போதனை வேண்டுமென்று நினைக்கிறவர்களுக்கு, ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. கடன் வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம்.

பாட்டியின் மனு

மறுநாள் திங்கட்கிழமை. ஏதோ சர்டிபிகேட் விஷயமாகக் குழந்தை கலெக்டர் ஆபீஸுக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். மரத்தடியில் ஒரு பாட்டி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு. அவன் என்ன எழுதினானோ!" என்றாள்.

குழந்தை வாங்கி வாசித்தாள். நடுவில் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டாள்: "எங்கள் தெருவில் எல்லோருக்கும் வீட்டுமனைப் பட்டா கிடைக்கவில்லை."

"ஆயா, உங்கள் தெருவில் ஒருத்தருக்குமே கிடைக்கவில்லையா? இல்லை, சில பேருக்குக் கிடைத்து உங்களுக்குத்தான் கிடைக்கவில்லையா?"

"பன்னிரண்டு வீடு, கண்ணு. பத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் இல்லை."

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சுரீர் என்றது. அந்த மனுவைப் படிக்கிறவர், தெரு முழுவதற்கும் பட்டா இல்லை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று என்று பழைய கட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து, மனுவில் கண்டது உண்மையல்ல என்று எழுதிவிடலாம். அதற்கப்புறம் பாட்டி எத்தனை திங்கட்கிழமை நடக்க வேண்டுமோ!

குழந்தை அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, "பன்னிரண்டு வீடுகளில் பத்துக்குப் பட்டா கிடைத்தது, என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் மட்டும் கிடைக்கவில்லை" என்று தெளிவாக எழுதினாள். வாசித்துக் காட்டினாள். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

இருபத்தைந்து கேள்விகளை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வடிகட்டி வீட்டுக்கு அனுப்புவதற்காக வைத்த வேலி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மனுவில் இருப்பதை மட்டும் படிக்கவும், இல்லாததைச் சேர்க்காமலிருக்கவும், சந்தேகமான இடத்தில் நின்று "ஆயா, எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கவும் தெரிந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களும் தங்கள் மனுவை அப்படி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் தேறினாலும் தேறாவிட்டாலும் இந்தப் படிப்பு வீண்போவதில்லை.

இதைக் குழந்தையிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி, மாமா. எனக்குத் தேறவும் வேண்டும்" என்றாள். நியாயந்தானே?

சாயங்காலம் பஸ் ஏறினேன். மலை உச்சியில் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மலைமேல் புகை மாதிரி தெரிகிறதே! எங்கேயாவது தீப்பிடித்திருக்குமோ?" என்று கேட்டார். புகையாகவும் இருக்கலாம், மேகமாகவும் இருக்கலாம். முன்பாக இருந்தால் உடனே ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பேன். இப்போது, "இங்கிருந்து சொல்ல இயலாது, ஐயா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பரீட்சையாக இருந்தால் மார்க் கொடுத்திருப்பார்கள்.